வாசல் பார்த்த செருப்பு

என் அண்ணி நல்லவள். இதை முதலிலேயே சொல்லி வைத்துவிடுகிறேன். ஏனென்றால் இனிமேல் நான் சொல்லப்போவதில் பாதி, அவளைப் பார்த்து நான் வயிறெரிந்த கதை. வயிறெரிகிறவளுக்கு எதிரில் இருப்பவளின் நல்ல குணம் கண்ணில் படாது. எனக்கும் படவில்லை.

நாங்கள் இருவரும் ஒரே சட்டைக் கம்பெனியில், ஒரே மேஜையில் வேலை பார்க்கிறோம். நூல் வெட்டும் மேஜை. தையல் முடிந்து வரும் சட்டைகளில் அங்கங்கே நூல் முனை நீட்டிக்கொண்டிருக்கும். காலர், கைப்பட்டை, பொத்தான் துளை என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்து, குட்டிக் கத்தரியால் நறுக்க வேண்டும். தையல் மெஷின்கள் எல்லாம் சுவருக்கு அந்தப் பக்கம். எங்கள் அறையில் பன்னிரண்டு கத்தரியின் சத்தமும் ஒரு மின்விசிறியின் முனகலும்தான். வீட்டிலும் அப்படித்தான். நானும் என் வீட்டுக்காரரும் மாடியில், அண்ணனும் அண்ணியும் கீழே. காலையில் கம்பெனி வேனில் ஏறுவது முதல் சாயங்காலம் படியேறுவது வரை அவள் முகத்தைப் பார்த்தே ஆக வேண்டும்.

அவளை இந்த வேலைக்குக் கூட்டி வந்ததே நான்தான். அண்ணன் லேசில் சம்மதிக்கவில்லை. கல்யாணமான நாளிலிருந்து அவளைத் தனியாக எங்கேயும் அனுப்பியதில்லை. என் முகத்துக்காகத்தான் ஒத்துக்கொண்டான். நான் பக்கத்திலேயே இருக்க வேண்டும், வேனில் என் பக்கத்தில்தான் அவள் உட்கார வேண்டும் என்று இரண்டு கண்டிஷன். நான் பெருமையாகத் தலையாட்டினேன். என்ன வேலைக்குத் தலையாட்டுகிறேன் என்று அப்போது யோசிக்கவில்லை.

அண்ணி பேசவே மாட்டாள். ஆனால் வாசிப்பாள். செல்போனில் ஒரு தொடர்கதை வைத்திருந்தாள். வந்த புதிதில் சாப்பாட்டு நேரத்தில் முணுமுணுவென்று தனக்குத்தானே வாசித்துக்கொண்டிருந்தாள். எதிரில் இருந்த பட்டன் அக்காதான் (முன்பு பட்டன் வைக்கும் பிரிவில் இருந்ததால் அந்தப் பெயர்) கொஞ்சம் சத்தமாகத்தான் வாசியேன் என்றாள். அவ்வளவுதான், ஒரு வாரத்தில் மேஜையே அதற்கு அடிமையாகிவிட்டது. சாப்பாட்டு நேரம் போதவில்லை. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவள் வேலை நேரத்திலும் வாசிப்பாள். அவள் பங்குச் சட்டைகளை நாங்கள் பதினொரு பேரும் பிரித்துக்கொண்டு வெட்டுவோம். சாயங்காலம் பன்னிரண்டு குவியல் இருக்கிறதா என்று மட்டும்தான் சூப்பர்வைசர் பார்ப்பார். விசிறிக்கு நேர் கீழே இருந்த நாற்காலியை அவளுக்கே விட்டுக்கொடுத்தோம். என் நாற்காலி அது. எனக்கு எரிச்சல் அங்கேயே ஆரம்பித்துவிட்டது.

கதை என்னவென்றால், கடலுக்கு நடுவில் ஓர் உப்புக் கோட்டை. அதை ஆளும் அரசனுக்கு ஆயிரம் வயது, ஆனால் பார்வைக்கு முப்பதுதான். கயிறு திரிக்கும் வீட்டுப் பெண் ஒருத்தியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். அதற்கப்புறம் அவளைத் தவிர அவனுக்கு உலகமே கிடையாது. அவளை இரண்டாம் முறை திரும்பிப் பார்த்தவன் நின்ற இடத்திலேயே உப்புத் தூணாகிவிடுவான். ஆயிரம் பேர் நடந்தாலும் அவள் காலடிச் சத்தம் அவனுக்குத் தனியாகக் கேட்கும். அவள் சாப்பிட்டாளா என்று தெரியாமல் அவன் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டான்.

சிரிக்காதீர்கள். நாள் முழுக்கச் சட்டையைப் பார்க்கிறவர்கள் நாங்கள். ஒரு நூல் விட்டுப் போனால் சட்டையைத் தூக்கிக் காட்டித் திட்டுவார்கள், திட்டுகிறவர் எங்கள் முகத்தைக்கூடப் பார்க்க மாட்டார். வீட்டுக்குப் போனால் டிவியைப் பார்ப்பார்கள். அப்படியிருக்கும்போது, நீ ஒரு நாள் காணாமல் போனால் இந்தக் கடலையே வற்ற வைப்பேன் என்று ஒருவன் சொன்னால் யாருக்குத்தான் கசக்கும்? பேரன் எடுத்த பட்டன் அக்காவே கத்தரியைக் கீழே வைத்துவிட்டு, "என்ன ஆம்பளைடி இவன்" என்று பெருமூச்சு விடுவாள்.

எங்களுக்கு ரொம்பப் பிடித்தது அவன் செய்யும் சின்னச் சின்ன வேலைகள்தான். கோட்டைப் படிகளில் இறங்கும்போது கைப்பிடி இல்லாத பக்கம் அவன் நடப்பான். ரொட்டி தீய்ந்துபோனால் கருகிய பக்கத்தைச் சத்தமில்லாமல் தன் தட்டில் போட்டுக்கொள்வான். ஓய்வு நாளில் உட்கார்ந்து அவளுடைய கயிறறுக்கும் கத்திக்கு எண்ணெய் போடுவான். எல்லாவற்றுக்கும் மேலே செருப்பு. அவள் கழற்றிப் போட்ட செருப்பை, தினமும் அவள் எழுந்திருக்கும் முன்னே, வாசலைப் பார்த்துத் திருப்பி வைப்பான். போக வேண்டும் என்று தோன்றினால் அவள் ஒரு நொடிகூடத் தடுமாறக் கூடாதாம். அந்த இடத்தை அண்ணி வாசித்தபோது மேஜையில் ஒரு கத்தரி அசையவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

கலங்கியதோடு போயிருந்தால் பரவாயில்லை. மத்தியானம் சரியாக ஒரு மணிக்கு அண்ணிக்கு அண்ணனின் போன் வரும். அவன் கண்ணாடி வெட்டும் கடை வைத்திருக்கிறான். கடையில் எத்தனை கூட்டம் இருந்தாலும் அந்த போன் தப்பாது. யார் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாய், என்ன துணி போட்டிருக்கிறாய், ஏன் இரண்டாவது ரிங்கில் எடுக்கவில்லை. பதினொன்றே காலுக்கு ஒன்று, மூன்றரைக்கு ஒன்று என்று அதற்கு முன்னும் பின்னும் வேறு. சாயங்காலம் வேன் வரும் முனையில் வந்து நிற்பான். கொடுத்து வைத்தவள், நிஜ உப்பரசனையே கட்டியிருக்கிறாள் என்று மேஜையே அவளைச் சொல்லும். அவள் தலையைக் குனிந்துகொள்வாள். வெட்கம் என்று நினைத்துக்கொள்வேன். பற்றிக்கொண்டு வரும்.

என் வீட்டுக்காரரைப் பற்றி என்ன சொல்ல? லிஃப்ட் மெக்கானிக். உப்புச் சப்பில்லாத மனிதர். ஏழு வருஷத்தில் ஒரு நாள்கூட வேலை நேரத்தில் போன் செய்து கூப்பிட்டதில்லை. நான் எங்காவது போகிறேன் என்றால் கதவு வரை வந்து, குடை எடுத்தாயா என்று கேட்பார், அவ்வளவுதான். ஒரு நாள் மனசு கேட்காமல், நான் காணாமல் போனால் உலகத்தையே எரிப்பீர்களா என்று கேட்டுவிட்டேன். ஸ்பானரைத் துடைத்துக்கொண்டே கொஞ்ச நேரம் யோசித்தார். "எதுக்கு? மத்தவங்களும் இருக்காங்கல்ல" என்றார். அன்றைக்கு நான் அவரோடு பேசவில்லை. நான் பேசவில்லை என்பதாவது அவருக்குத் தெரிந்ததா என்று எனக்குத் தெரியவில்லை.

இப்படியே பொருமிக்கொண்டு இருந்தபோது அண்ணிக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வேலைக்கு வரவில்லை. மேஜை தவித்துப் போனது. எனக்கோ உள்ளுக்குள் குஷி. நான் வாசிக்கிறேன் என்று முந்திக்கொண்டேன். தொடரின் பெயர் தெரியும், என் போனிலும் இறக்கிக்கொண்டேன். வாசிக்கும்போது திக்கக் கூடாதே என்று ஞாயிற்றுக்கிழமை காலை உட்கார்ந்து ஆரம்பத்திலிருந்து ஒத்திகை பார்த்தேன்.

பன்னிரண்டாம் அத்தியாயம். அரசன் அவள் செருப்பை எடுக்கிறான். நான் காத்திருந்த இடம். அடுத்த வரியில் அவன் அதை அடுப்பில் போட்டு எரிக்கிறான். இனி நீ எங்கும் போக மாட்டாய், உன் பாதம் தொடும் தரையெல்லாம் நானே என்கிறான். வேறு ஏதோ கதையைத் திறந்துவிட்டேனோ என்று பார்த்தேன். அதே கதைதான். முன்னும் பின்னும் தேடினேன். படியில் கைப்பிடி இல்லாத பக்கம் நடந்தது இல்லை. கருகிய ரொட்டி இல்லை. கத்திக்கு எண்ணெய் இல்லை. அந்த இடங்களிலெல்லாம் பூட்டிய கதவும் சங்கிலியும் சத்தியமும்தான் இருந்தன. சாப்பிட்டாளா என்று கேட்கிறவனும் காணோம். சாப்பிட மாட்டேன் என்றவளை நீ என்னுடையவள் என்று உலுக்குகிறவன்தான் இருந்தான்.

அண்ணி இட்டுக்கட்டி வாசித்திருக்கிறாள். அடிப்பாவி என்று எழுந்து, காற்று வாங்க மாடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கீழே படி முடியும் இடத்தில்தான் நாங்கள் எல்லோரும் செருப்பு விடுவோம், அண்ணியின் சமையலறை ஜன்னலுக்கு நேராக. என் வீட்டுக்காரர் குப்பைக் கூடையோடு இறங்கிப் போனார். கூடையைக் கீழே வைத்தார். குனிந்து என் செருப்பை எடுத்து, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தார். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. வீட்டுக்குள் வரும்போது கழற்றிய செருப்பு உள்ளே பார்த்துத்தானே கிடக்கும்? ஏழு வருஷமாகக் காலையில் இறங்கி நேராகக் காலை நுழைத்துக்கொண்டு போயிருக்கிறேன். ஒரு நாளும் யோசித்ததில்லை. அப்புறம் ஒவ்வொன்றாக வந்தது. எங்கள் படிக்கு ஒரு பக்கம் கைப்பிடி கிடையாது. லீவு நாளில் இரண்டு குடும்பமும் சேர்ந்து சாப்பிடும்போது அடிப்பிடித்தது எப்போதும் யார் தட்டுக்குப் போகும்? என் கத்தரிக்கு ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் போடுவது யார்? உப்பரசன் என் வீட்டுக்காரர். நான் கண் கலங்கிக் கேட்டதெல்லாம் அவரைப் பற்றித்தான்.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும் இல்லையா? எனக்கு வந்தது கோபம். என் புருஷனை இவள் ஏன் இத்தனை உன்னிப்பாகப் பார்க்கிறாள்? நான் பார்க்காததையெல்லாம் இவள் எப்படிப் பார்த்தாள்? அவர் அவளைத் தங்கச்சி என்பார், அவள் அவரை அண்ணே என்பாள், எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் என்ன, மூளைக்கு மேலே புகை கிளம்பிவிட்டது. விறுவிறுவென்று இறங்கிப் போய் அண்ணனிடம் போட்டுக் கொடுத்தேன். அண்ணி உள்ளே காய்ச்சலில் படுத்திருந்தாள்.

"உன் பொண்டாட்டி என் புருஷனை ஜன்னல் வழியாப் பார்த்துப் பார்த்து, கம்பெனில எல்லார்கிட்டயும் கதையா வாசிக்கிறா."

அண்ணன் முகத்தில் ஈயாடவில்லை. ஒரு வார்த்தை கேட்கவில்லை. சரி, நீ போ என்றான்.

மறுநாள் அண்ணி வேனுக்கு வரவில்லை. காய்ச்சல் விட்ட பிறகும் வரவில்லை. இனி அவள் வேலைக்கு வர மாட்டாள் என்று கம்பெனிக்கு அண்ணனே போன் செய்து சொல்லிவிட்டான். சமையலறை ஜன்னலில் உள்பக்கமாக ஓர் அட்டையை ஒட்டியிருந்தான்.

நான் விசிறிக்குக் கீழே உட்கார்ந்தேன். போனில் இருந்ததை இருந்தபடியே வாசித்தேன். முதல் நாள் எல்லோரும் ஆர்வமாகத்தான் கேட்டார்கள். சங்கிலி வந்தபோதுகூட, அவ்வளவு ஆசை அவனுக்கு என்று ஒருத்தி சொன்னாள். முன்பு கேட்ட இடம்தானே என்று நான் தாண்டிப் போயிருக்கலாம். எது நிஜம் என்று காட்ட வேண்டும் என்ற வீம்பில் செருப்பை எரிக்கும் அத்தியாயத்தையும் வாசித்தேன். யாரும் பெருமூச்சு விடவில்லை. பட்டன் அக்கா நூல் முனையைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"செருப்பை எரிச்சுட்டான்னா அவ எப்படி வெளிய போவா?" என்று கேட்டாள்.

போகக் கூடாது என்றுதான் எரித்தான் என்றேன். உன் அண்ணி வாசிக்கும்போது அவன் இப்படிப்பட்டவன் இல்லையே, நீ தப்பாக வாசிக்கிறாய் என்றாள். மற்றவர்களும் அதையே சொன்னார்கள். அந்த ஒரு மணி போன், மூன்றரை போன், வேன் முனை, அவள் குனிந்த தலை, எல்லாம் சேர்ந்து வந்து மூஞ்சியில் அடித்தது. வேலைக்கு அவளைக் கூட்டி வந்தவள் நான். காவலுக்கு நின்றவளும் நான்தான். கடைசியில் பூட்டிக் கொடுத்ததும் நானே.

அன்று சாயங்காலம் வீட்டுக்காரரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டவில்லை. கதையில் தான் அரசனாகிவிட்டதற்குக் கொஞ்சம் கூச்சப்பட்டார். பிறகு, "தங்கச்சி சாப்பிட்டாளா?" என்று கேட்டார். அந்த நேரத்திலும், அவர் அவளைப் பற்றிக் கேட்கிறாரே என்று எனக்குச் சுருக்கென்றது. இப்படி ஒரு பிறவி நான்.

கீழே போனேன். அண்ணன் இன்னும் கடையிலிருந்து வரவில்லை. படியடியில் செருப்புகள் கிடந்தன, அண்ணியுடையது மட்டும் இல்லை. கதவைத் திறந்தவள் வெறுங்காலோடு நின்றாள். இளைத்திருந்தாள். செருப்பு எங்கே என்று கேட்டேன். அலமாரிக்குள் அவன் வைத்துப் பூட்டியிருக்கிறான் என்று சாதாரணமாகச் சொன்னாள். நான் மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். வாயில் வந்தது வேறு.

"என் வீட்டுக்காரரை ஏன் அண்ணி அப்படிப் பார்த்தீங்க?"

அவள் கோபப்படவில்லை.

"அவரை நான் பார்க்கல. அவர் திருப்பி வைக்கிற செருப்பைத்தான் பார்த்தேன். அப்புறம் நீ வருவ. குனிஞ்சுகூடப் பார்க்காம மாட்டிக்கிட்டு விறுவிறுன்னு போவ. எனக்கு உன் மேலதான் பொறாமை."

இத்தனை நாள் அவளைப் பார்த்து நான் எரிந்துகொண்டிருக்க, அவள் என்னைப் பார்த்து எரிந்துகொண்டிருந்தாள். அவள் எரிச்சலில் மேஜைக்கு ஒரு நல்ல கதை கிடைத்தது. என் எரிச்சலில் அவளுக்கு இது கிடைத்தது. அழுதால் தப்பித்துக்கொள்ளலாம் என்று தோன்றியது. அழாமல் நின்றேன்.

அண்ணன் வந்ததும், அண்ணியை வைத்துக்கொண்டே சொன்னேன். "அண்ணே, நான் சொன்னது தப்பு. அவங்க மேல ஒரு குத்தமும் இல்ல. பொறாமைல சொன்னேன்."

பொறாமை என்ற வார்த்தையை என் வாயால் சொல்ல எனக்கு உயிர் போனது. அவன் சாவிக்கொத்தை ஆணியில் மாட்டினான்.

"சரி. தப்பாவே இருக்கட்டும். வீட்ல இருந்தா எனக்கு நிம்மதியா இருக்கு" என்றான்.

ரொம்ப அன்பான குரலில்தான் சொன்னான். நான் கிளப்பிவிட்டது அவனுக்குச் சாக்கு மட்டும்தான். அந்தச் சாக்கைத் திருப்பி வாங்க முடியாது என்று புரிந்தது. இதற்கு மேல் என்ன பேசுவது? வெளியே வந்தேன். என் செருப்பைப் போட்டுக்கொள்ளவில்லை. அவர்கள் கதவுக்கு வெளியே, வாசலைப் பார்த்துத் திருப்பி வைத்தேன். எனக்கு வழக்கமில்லாத வேலை, ஜோடி கோணலாக நின்றது. வெறுங்காலோடு படியேறினேன்.

மறுநாள் காலையில் நான் வீட்டுக்காரரின் ரப்பர் செருப்பை இழுத்துக்கொண்டு இறங்கியபோது, கதவுக்கு வெளியே நான் வைத்த ஜோடி இல்லை. அண்ணன் எடுத்து எறிந்திருப்பான் என்று நினைத்துக்கொண்டே வேன் முனைக்குப் போனேன். அண்ணி அங்கே நின்றுகொண்டிருந்தாள். அண்ணன் குளிக்கப் போயிருந்தானாம். என் செருப்பு அவளுக்குப் பெரிது, பின்னால் ஒரு விரல் அளவு நீட்டிக்கொண்டிருந்தது. கையில் பை இல்லை, போன் இல்லை. போனை ஃபிரிட்ஜ் மேலே வைத்துவிட்டு வந்துவிட்டேன், அடித்துக்கொண்டு கிடக்கட்டும் என்றாள். வேனில் ஏறி, என் பக்கத்தில் இடம் இருந்தும் பட்டன் அக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். எனக்கு அது வேண்டியதுதான்.

சாயங்காலம் வேன் முனையில் அவன் நிற்பான் என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். என் வீட்டுக்காரரையும் முனைக்கு வரச் சொல்லி, நானும் அவரும் அவளுக்கு இரண்டு பக்கமும் நடப்பது என்று மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். அதற்கு அப்புறம் என்ன என்று யாருக்கும் தெரியாது.

மேஜையில் எழுந்து என் நாற்காலியை, அதாவது அவள் நாற்காலியை, இழுத்துப் போட்டேன். போனையும் நீட்டினேன். வேண்டாம் என்றாள். லேபிள் கட்டிலிருந்து ஓர் அட்டையை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு வாசிக்கத் தொடங்கினாள். அட்டையில் சட்டை அளவைத் தவிர ஒன்றும் இல்லை என்று எல்லோருக்கும் தெரிந்தது, யாரும் கேட்கவில்லை. அவள் பங்குச் சட்டைகள் கைக்குக் கை பிரிந்து போயின.

உப்பரசன் பூட்டிய கதவுக்கு முன்னால் வந்து நிற்கிறான். ஆயிரம் வருஷத்தில் முதல் முறையாக அவனுக்குக் குரல் நடுங்குகிறது. நான் உன்னைப் பற்றிச் சொன்னது தப்பு, பொறாமையில் சொன்னேன் என்கிறான். பூட்டைத் திறக்கிறான். தன் செருப்பைக் கழற்றி, வாசலைப் பார்த்துக் கோணலாக வைத்துவிட்டு, வெறுங்காலோடு படியேறிப் போகிறான்.

கத்தரிகள் நின்றுவிட்டன. நான் வெட்டிக்கொண்டிருந்த சட்டையில் நூலோடு சேர்த்து ஒரு பொத்தானையும் வெட்டிவிட்டேன். அது மேஜையில் உருண்டு போய்க் கீழே விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"அப்புறம்? அவ அந்தச் செருப்பைப் போட்டுக்கிட்டாளா?" என்றாள் பட்டன் அக்கா.

மேஜைக்கு அடியில் என் செருப்பு என் கால் மேல் வந்து ஒரு முறை அழுத்தியது.

"போட்டுக்கிட்டா" என்று வாசித்தாள் அண்ணி.

நான் தலை நிமிராமல் அடுத்த சட்டையை எடுத்தேன்.